நெடுந்தீவில் இரண்டு இரவுகள்



இந்த ஆண்டு மாசி மாதம் சுன்னாகத்தில் எங்கள் மாதர் சங்கக் கூட்டம் நடந்தபோது வருமானத்துக்கான தொழில்கள் பற்றிப் பேச்சு வந்தது. தையல், மிளகாய்த்தூள், கோழி வளர்ப்பு என்று வழக்கமானவற்றைப் பேசி முடித்ததும் ஒரு தங்கை எழுந்து, "வீட்டில ரண்டு அறை சும்மா கிடக்குது. வெளியில இருந்து வாறவை தங்கிக் காசு தந்தால் அதுவும் ஒரு தொழில்தானே?" என்று கேட்டார். நான்தான் முதலில் மறுத்தேன். "வந்தவைக்குச் சோறு போட்டுக் காசு வாங்கிறதோ? அது எங்கட பழக்கமில்லை" என்றேன். நான் வயதில் மூத்தவள் என்பதால் ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை. கேட்டவர் மெல்ல உட்கார்ந்துவிட்டார். அவர் கணவரைப் போரில் இழந்து, மூன்று பிள்ளைகளைத் தனியே வளர்ப்பவர். வீட்டுக்கு வந்த பிறகும் அவருடைய முகம் என் மனதை விட்டுப் போகவில்லை.

என் வீட்டிலும் இரண்டு அறைகள் பூட்டியே கிடக்கின்றன. மகன் கனடாவில் இருக்கிறான், மகள் கிளிநொச்சியில் குடும்பமாகிவிட்டாள். தூசி தட்டுவதற்காக மட்டும் வாரத்தில் ஒரு நாள் அந்த அறைகளைத் திறப்பேன்.

அன்றிரவு பெறாமகளிடம் தொலைபேசியில் இதைச் சொன்னேன். அவள் சில காலம் ஜப்பானில் படித்தவள். விடுமுறை ஒன்றில் அங்கே ஒரு சிறு தீவில், மீன்பிடிக் குடும்பம் ஒன்றின் வீட்டில் காசு கொடுத்துத் தங்கியதை எனக்கு விவரித்தாள். இப்படியான வீட்டு விடுதிகளை அங்கே மின்ஷுக்கு என்பார்களாம். வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். நிலத்தில் கோரை போன்ற ஒரு புல்லால் நெய்த தடித்த பாய் பதித்திருக்கும். படுக்கையைப் பகலில் மடித்து அலுமாரிக்குள் வைத்துவிட்டு இரவில் விரிப்பார்கள். இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் சேர்த்து ஒரு ஆளுக்கு ஒரே விலை. சற்று வசதியான பழைய விடுதிகளுக்கு ரியோக்கான் என்று பெயர். அவற்றை நடத்தும் வீட்டுத்தலைவியை ஒகாமி என்று மரியாதையாக அழைப்பார்களாம். கி.பி. 705 இல் தொடங்கி இன்றுவரை நடக்கின்ற விடுதி ஒன்று அந்த நாட்டில் இருக்கிறது. உலகின் மிகப் பழைய விடுதி என்று கின்னஸ் புத்தகத்திலும் அது பதிவாகியுள்ளது.

"பெரியம்மா, அங்க காசு வாங்கிறதை ஒருத்தரும் குறைவாய் நினைக்கிறதில்லை. நீங்கள் ஜப்பானுக்குப் போக வேண்டாம். நெடுந்தீவுக்குப் போய்ப் பாருங்கோ. அங்கயும் வீடுகளில அறை குடுக்கினம்" என்றாள்.

போய்ப் பார்த்துவிட்டு வந்து சங்கத்தில் சொல்வதாக ஒப்புக்கொண்டேன். ஆனால் ஒரு பயம் இருந்தது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

பெயரில் மட்டும் மிஞ்சிய மடம்

பங்குனி மாதம் கடல் அமைதியாக இருக்கும் என்றார்கள். சோளகம் வீசத் தொடங்கினால் அந்தக் கடலில் படகுப் பயணம் கடினம். ஒரு வியாழக்கிழமை விடியற்காலை சுன்னாகத்தில் பஸ் ஏறினேன். காங்கேசன்துறை வீதியில் சிறிது தூரம் போனதும் மருதனார்மடம் வந்தது. எத்தனையோ ஆயிரம் தடவை கடந்து போன இடந்தான். அன்றைக்குத்தான் பெயரின் கடைசியில் உள்ள 'மடம்' என்ற சொல்லை யோசித்தேன்.

வாகனம் இல்லாத காலத்தில் யாழ்ப்பாணத்து வீதிகளில் வழிப்போக்கருக்கென்று மடங்கள் இருந்தன. பக்கத்தில் கிணறு இருக்கும், தலைச்சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கிக் கல்லும் மாடுகள் உடம்பைத் தேய்த்துக்கொள்ள ஆவுரஞ்சிக் கல்லும் இருக்கும். பருத்தித்துறையில் வீதிக்கு மேலாகவே கூரை போட்ட தெருமூடி மடத்தை இன்றும் பார்க்கலாம். நயினாதீவில் நாகபூசணி அம்மனைக் கும்பிட வருகிறவர்களுக்கு மடத்தில் அன்னம் கிடைக்கிறது. விருந்தோம்பலுக்கென்றே ஓர் அதிகாரம் திருக்குறளில் உண்டு. சோற்றுக்குக் காசு வாங்கக்கூடாது என்று நான் சொன்னது இந்தப் பழக்கத்தில் வளர்ந்ததனால்தான்.

ஆனால் பஸ்ஸில் இருந்தபடி இன்னொன்றையும் யோசித்தேன். மடங்களுக்குக் காணியும் நெல்லும் எழுதி வைத்தவர்கள் வசதி படைத்தவர்கள். வந்தவருக்குச் சோறு இலவசமாக இருந்தாலும் அரிசிக்கு யாரோ ஒருவர் காசு கொடுத்துத்தான் இருந்தார். மூன்று பிள்ளைகளோடு தனியே நிற்கும் ஒரு பெண்ணிடம் போய், நீயும் மடம் நடத்து என்று சொல்ல முடியுமா?

கடலைத் தாண்டி

யாழ்ப்பாணத்தில் இன்னொரு பஸ் எடுத்து, பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு என்று கடந்து குறிகட்டுவான் இறங்குதுறையை அடைந்தேன். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் இங்கிருந்துதான் படகு. நெடுந்தீவுக்கு ஒரு மணித்தியாலம் வரை ஓட வேண்டும். படகு நேரங்கள் மாறுவதுண்டு. ஆகவே முதல் நாளே விசாரித்துக்கொண்டு போவது நல்லது.

படகில் அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர், கோழிக்குஞ்சுப் பெட்டி, பாடசாலைக் கொப்பிக் கட்டுகள் எல்லாம் எங்களோடு பயணம் செய்தன. தீவுக்குத் தேவையான ஒவ்வொன்றும் இப்படித்தான் போய்ச் சேர வேண்டும். குடாநாட்டைச் சுற்றியுள்ள பெரிய தீவுகளில் நெடுந்தீவும் ஒன்று. பரப்பளவு சுமார் 50 சதுர கிலோமீற்றர். ஆட்கள் நாலாயிரம் அளவில் இருக்கிறார்கள். ஒல்லாந்தர் தங்கள் நாட்டு நகரம் ஒன்றின் பெயரை வைத்து இதற்கு டெல்ஃப்ற் என்று பெயரிட்டார்கள். பசுத்தீவு என்ற பெயரும் இதற்கு உண்டு. மாவிலித்துறையில் இறங்கியதும் கண்ணில் படுவது கல்வேலிதான். சாந்து எதுவும் பூசாமல், முருகைக்கல்லைக் கல்லின் மேல் கல்லாக அடுக்கி ஒவ்வொரு வளவுக்கும் வேலி கட்டியிருக்கிறார்கள்.

முதலில் விலை, பிறகு தேத்தண்ணி

நான் தங்கிய வீடும் கல்வேலி வளவுக்குள்தான் இருந்தது. முன்னால் விறாந்தை, இரண்டு பக்கமும் இரண்டு அறை, பின்னால் ஓலை வேய்ந்த குசினி. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் படலையடியில் வந்து என் பையை வாங்கினார்.

"வாங்கோ அக்கா, வெயிலுக்குள்ளால வாறியள். முதல்ல விலையைச் சொல்லிப்போடுறன். பிறகுதான் தேத்தண்ணி."

நான் திகைத்துப் போனேன். ஒரு இரவு, இரவுச் சாப்பாடு, காலைச் சாப்பாடு எல்லாம் சேர்த்து 3,500 ரூபா என்றார். மதியச் சாப்பாடு வேண்டுமானால் காலையிலேயே சொல்ல வேண்டும், அதற்கு வேறாக 700 ரூபா. சொல்லி முடித்து, நான் தலையாட்டியதும், தங்கள் வீட்டுப் பசுவின் பால் விட்ட தேநீர் வந்தது.

அதன் பிறகு அறையைக் காட்டினார். ஒரு மரக் கட்டில், நுளம்பு வலை, வெயிலில் காய்ந்த மணம் மாறாத விரிப்பு, ஒரு கதிரை, ஒரு டோர்ச் லைற். அவர் முதலில் காட்டியது இவற்றில் ஒன்றையும் அல்ல. கதவைச் சாத்தி, உள்பக்கத் தாழ்ப்பாளை இரண்டு தடவை போட்டு எடுத்துக் காட்டினார். "புதுசு. அக்கா தனிய வந்திருக்கிறியள். இதைப் போட்டிட்டுப் படுங்கோ. நான் இந்தச் சுவருக்கு அங்கால. கூப்பிட்டால் கேக்கும்" என்றார்.

தூங்கிய இரவு

சகோதரிகளே, முன்பு சொன்ன பயம் இதுதான். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் வெளிக்கிட்டபோது நானும் இரண்டு பிள்ளைகளோடு வெளிக்கிட்டேன். அவர்களின் தகப்பன் அதற்கு முன்னரே ஷெல் விழுந்து போய்விட்டார். நாவற்குழிப் பாலத்தைக் கடக்க இரவு முழுவதும் எடுத்தது. தென்மராட்சியில் ஒரு வீட்டில் ஐந்து குடும்பங்கள் இருந்தோம். அந்த வீட்டுக்காரர் நல்லவர்கள். தங்களிடம் இருந்ததைப் பகிர்ந்தார்கள். ஆனாலும் ஒரு வாளி தண்ணீர் அள்ளவும் கேட்க வேண்டும், அடுப்புக்குக் காத்திருக்க வேண்டும், பிள்ளை அழுதால் வாயைப் பொத்த வேண்டும். கதவில்லாத விறாந்தையில் இரண்டு பிள்ளைகளையும் இரண்டு பக்கம் அணைத்துக்கொண்டு, ஒரு காதைத் திறந்து வைத்துக்கொண்டுதான் படுத்திருந்தேன். 1996 இல் சுன்னாகத்துக்குத் திரும்பிய பிறகு, பிறர் வீட்டில் இரவு தங்க வேண்டி வந்தால் எனக்கு நித்திரை வராது. மகள் வீட்டில்கூட அப்படித்தான். உங்களில் பலருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அன்றிரவு புட்டும் மீன்குழம்பும் தயிரும் சாப்பிட்டேன். இரண்டாம் தடவை குழம்பு வேண்டும் என்று நானாகவே கேட்டேன். கேட்ட பிறகுதான் அது எனக்கே தெரிந்தது. எத்தனையோ வருடங்களாக இன்னொருவர் வீட்டில் நான் இரண்டாம் தடவை கேட்டதில்லை. தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுப் படுத்தேன். கண் விழித்தபோது வெயில் யன்னலுக்குள் வந்திருந்தது. வெளியே மாடு கறக்கும் சத்தம் கேட்டது. எட்டு மணித்தியாலம் தூங்கியிருக்கிறேன்.

ஏன் அப்படித் தூங்கினேன் என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். தாழ்ப்பாள் ஒரு காரணம். விலையை முதலிலே சொன்னது இன்னொரு காரணம். அங்கே நான் யாருக்கும் பாரமாக இருக்கவில்லை. குழம்பு கேட்கவும், கிணற்றடிக்குப் போகவும், நேரம் சென்று எழும்பவும் எனக்கு உரிமை இருந்தது. காசு வாங்கினால் விருந்து கெட்டுவிடும் என்று நினைத்திருந்தேன். அந்தக் காசுதான் என்னைக் கூச்சமில்லாத விருந்தாளி ஆக்கியது.

தீவில் ஒரு பகல்

மறுநாள் ஓட்டோவில் தீவைச் சுற்றினேன். உள்ளே ஆள் நிற்கக்கூடிய பொந்துள்ள பெருக்கமரத்தைப் பார்த்தேன். அராபிய வணிகர் மூலம் ஆபிரிக்காவிலிருந்து வந்த மரம் என்பார்கள். கடலோரத்தில் இடிந்து நிற்கும் பழைய கோட்டையையும், வைத்தியசாலைக்கு அருகே ஒல்லாந்தர் காலத்துப் புறாக்கூட்டையும் பார்த்தேன். வெட்டவெளியில் மட்டக்குதிரைகள் கூட்டமாக நின்றன. ஐரோப்பியர் கொண்டுவந்த குதிரைகளின் வழி வந்தவை இவை. ஆங்கிலேயர் காலத்தில் நோலன் என்ற அதிகாரி இங்கே குதிரை வளர்ப்பை நடத்தினார். இப்போது அவற்றுக்குக் கடிவாளமும் இல்லை, லாயமும் இல்லை. கோடையில் குடிநீருக்குத்தான் அவை அலைகின்றன.

தண்ணீர் ஆட்களுக்கும் கஷ்டந்தான். நல்ல தண்ணீருக்குச் சாராப்பிட்டிக் கிணறுகள் பேர்பெற்றவை. பல வளவுக் கிணறுகளில் உவர்நீர். என் அறைச் சுவரில் ஒரு மட்டை தொங்கியது: 'குளிக்க இரண்டு வாளி. குடிக்கிற தண்ணி மண்பானையில்.' சுன்னாகத்தாளுக்கு இது புரியும். 2014, 2015 இல் எங்கள் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்து, வாசலில் வாளி வைத்துக் குடிநீர் வண்டிக்குக் காத்திருந்தவர்கள் நாங்கள். வெட்கப்படாமல் தண்ணீரின் அளவையும் எழுதி வைத்த அந்தப் பெண்ணின் நேர்மை எனக்குப் பிடித்தது.

கணக்குக் கொப்பி

அன்று பின்னேரம் குசினியில் அவருக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்துக்கொண்டே, காசு வாங்க மனம் எப்படி வந்தது என்று கேட்டேன்.

"முதல் வந்தவையிட்ட நான் வாங்கேல்லை அக்கா. வெளிநாட்டில இருந்து வந்த ஒரு குடும்பம். மூண்டு நாள் நிண்டவை. காசை நீட்ட, வேண்டாம் எண்டிட்டன். அவை போனபிறகு பாத்தால் தலகணிக்குக் கீழ வச்சிட்டுப் போயிருக்கினம். எனக்கு அழுகை வந்திட்டுது, பிச்சை போட்ட மாதிரி. அந்தக் கிழமை மகளின்ர ரியூசன் காசு குடுக்க வழியில்லை. அந்தக் காசிலதான் குடுத்தன். அதுக்குப் பிறகு யோசிச்சன். தலகணிக்குக் கீழ ஒளிச்சு வைக்கிற காசு வேண்டாம். விலையைச் சொல்லி, கையில வாங்குவம்."

பிறகு ஒரு கொப்பியை எடுத்துக் காட்டினார். வந்தவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், வந்த நாள், போன நாள் எல்லாம் ஒரு பக்கத்தில். மற்றப் பக்கத்தில் செலவு: மீன், மா, தேங்காய், காஸ், சவர்க்காரம், கறண்ட், குடிநீர். 3,500 ரூபாவில் ஏறத்தாழ 1,400 செலவுக்குப் போகிறது. மிச்சத்தில் 300 ரூபாவை ஒரு ரின்னில் போடுகிறார். அது விரிப்பும் வலையும் மாற்ற, கூரை ஓலை வேய. மற்றது வீட்டுக்கு. மாதத்தில் எட்டுப் பத்து நாள்தான் ஆட்கள் வருகிறார்கள். சோளகக் காலத்தில் அதுவும் இல்லை. "இதை மட்டும் நம்பி இருக்கேலாது. மாடும் இருக்குது, பனங்கிழங்கும் ஒடியலும் இருக்குது. இது மேலதிகம்" என்றார்.

கொப்பியைப் புரட்டும்போது ஒரு இடத்தில் நாலு பெயர்களும், காசு எழுத வேண்டிய இடத்தில் ஒரு கோடும் இருந்தன. திகதி மே 14, 15. ஏன் என்று கேட்டேன்.

1985 மே 15 இல் நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வந்த குமுதினிப் படகில், பெண்களும் பிள்ளைகளும் உட்பட இருபதுக்கும் மேற்பட்டோர் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டதை எங்கள் வயதினர் மறக்கவில்லை. ஆண்டுதோறும் அந்த நாளில் உறவினர்கள் தீவில் கூடி விளக்கேற்றுகிறார்கள். எங்கெங்கோ சிதறிப்போன குடும்பங்களும் வருவதுண்டு.

"எங்கட சித்தியும் அதில போனவ. எனக்கு அப்ப பத்து வயசு. அந்த நாளுக்கு வாறவையிட்ட நான் காசு வாங்கிறேல்லை அக்கா. அவைக்கு இது விடுதியில்லை, வீடு" என்று சொல்லிவிட்டு வெங்காயத்தைச் சட்டியில் போட்டார்.

நான் சங்கக் கூட்டத்தில் சொன்ன பேச்சு அப்போது நினைவுக்கு வந்தது. காசு வாங்குகிற வீட்டில் விருந்தோம்பல் இராது என்று நினைத்தவள் நான். எப்போது வாங்க வேண்டும், எப்போது வாங்கக்கூடாது என்று இந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது. மற்ற நாட்களில் வாங்குகிற காசுதான் அந்த இரண்டு நாட்களும் கதவைத் திறந்து வைக்கிறது.

எங்கள் வாசலில்

சனிக்கிழமை காலை 7,000 ரூபாவையும் ஒரு மதியச் சாப்பாட்டுக்கு 700 ரூபாவையும் கையில் எண்ணிக் கொடுத்தேன். அவர் எண்ணிப் பார்த்து வாங்கி, கொப்பியில் எழுதினார். பிறகு ஒரு பை நிறைய ஒடியலைத் தந்தார். "இது கணக்கில இல்லை" என்றார்.

அடுத்த கூட்டத்தில் முதலில் அந்தத் தங்கையிடம் எல்லார் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டேன். பிறகு நாங்கள் இருந்து கணக்குப் பார்த்தோம். சுன்னாகம் தீவல்ல. எங்களுக்குப் புகையிரத நிலையம் இருக்கிறது. காங்கேசன்துறை வரைக்கும் புகையிரதம் 2015 இல் மீண்டும் வந்துவிட்டது. பலாலி விமான நிலையம் 2019 இல் சர்வதேசப் பறப்புகளுக்குத் திறக்கப்பட்டது. நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் 2023 இல் தொடங்கி, காலநிலைக்கேற்ப இடையிடையே நின்றும் ஓடியும் வருகிறது. கந்தரோடை பக்கத்தில், கீரிமலை தூரமில்லை. நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் வெளிநாட்டிலிருந்து வருகிற எங்கள் சனத்துக்குத் தங்க இடம் தேவை.

தொடங்க விரும்பும் சகோதரிகளுக்கு, நெடுந்தீவில் கற்றவற்றில் சிலவற்றைச் சொல்கிறேன். ஒரு அறையோடு தொடங்குங்கள். கடன் வாங்கிக் கட்டிடம் கட்ட வேண்டாம். சுத்தமான விரிப்பு, நல்ல மலசலகூடம், உள்பக்கத் தாழ்ப்பாள் மூன்றும் இருந்தால் போதும். விலையையும், அதில் எவை அடங்கும் என்பதையும் முதலிலே சொல்லுங்கள். வருகிறவரின் அடையாள அட்டையோ கடவுச்சீட்டோ பார்த்து எழுதி வையுங்கள். தனியே இருக்கும் பெண்கள், பெண்களையோ குடும்பங்களையோ மட்டும் ஏற்றுக்கொள்ளலாம். வேண்டாம் என்று சொல்வதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது. பிரதேச சபையில் விசாரியுங்கள். இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை இப்படியான வீட்டுத் தங்குமிடங்களைப் பதிவு செய்கிறது. இரண்டு மூன்று வீடுகள் சேர்ந்து செய்தால், ஒரு வீட்டில் இடமில்லாதபோது மற்ற வீட்டுக்கு அனுப்பலாம்.

அந்தத் தங்கையின் வீட்டில் முதல் அறை ஆனி மாதம் தயாராகிறது. என் வீட்டுக்கு இன்னும் வெள்ளையடிக்க வேண்டும். ஆனால் சுன்னாகம் சந்தைக்குப் போய் நான்கு தாழ்ப்பாள்கள் வாங்கி வந்துவிட்டேன். இரண்டு அவருக்கு, இரண்டு எனக்கு.